சோறு குழைந்தால் யாரைக் கேட்பது?

வாசகர் கேள்வி - பதில்: பள்ளிக்கூடச் சாப்பாடு

(பதில் சொல்பவர் தருமபுரி மாவட்டத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பள்ளிச் சாப்பாடு பற்றித் தருமபுரி, கிருஷ்ணகிரி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே.)

அக்கா, என் மகள் ஊர்ப் பள்ளியில் நாலாவது படிக்கிறாள். சாம்பாரில் பருப்பைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது என்கிறாள். பருப்பைத் திருடி விற்கிறார்களா? நேராகச் சொல்லுங்கள்.
- ஒரு தாய், பாலக்கோடு

நேராகவே சொல்கிறேன், தங்கச்சி. திருட்டே கிடையாது என்று நான் சொன்னால் என் கூட வேலை பார்த்தவர்களே சிரிப்பார்கள். ஆனால் தண்ணிச் சாம்பார் எல்லாம் திருட்டுச் சாம்பார் கிடையாது.

முதலில் கணக்கைப் பாருங்கள். மத்திய அரசின் மதிய உணவு அளவுப்படி ஒன்று முதல் ஐந்தாவது வரை படிக்கும் பிள்ளை ஒன்றுக்கு 100 கிராம் அரிசி, 20 கிராம் பருப்பு, 50 கிராம் காய், 5 கிராம் எண்ணெய். நூறு பிள்ளைக்கு 2 கிலோ பருப்பு. ஆளுக்கு ஒரு கரண்டி, கேட்ட பிள்ளைக்கு இன்னும் அரைக் கரண்டி என்று ஊற்றினால் 15, 20 லிட்டர் சாம்பார் வேண்டும். நீங்கள் வீட்டில் நாலு பேருக்கு ஒரு டம்ளர் பருப்பு போடுகிறீர்கள் இல்லையா, அந்தக் கெட்டி இங்கே வரவே வராது.

அடுத்தது தண்ணீர். இதை வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் புரியாது, நமக்குப் புரியும். நம் பக்கத்து போர்த் தண்ணீர் உப்புத் தண்ணீர், அதில் துவரம்பருப்பு எவ்வளவு நேரம் கொதித்தாலும் மசியாமல் முழுசாகவே கிடக்கும், மசியாத பருப்பு குண்டாவின் அடியில் போய் உட்காரும், மேலே இருப்பது மஞ்சள் தண்ணீர்தான். முதல் வரிசைப் பிள்ளைக்குத் தண்ணீர், கடைசி வரிசைப் பிள்ளைக்குப் பருப்பு. சில இடத்தில் சீக்கிரம் வேகட்டும் என்று சோடா உப்பைக் கிள்ளிப் போடுவார்கள். வேகும், ஆனால் பி வைட்டமின் போய்விடும். ஒரு மணி நேரம் ஊறவைத்து, கிடைத்தால் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டத்துக் குழாய்த் தண்ணீரில் வேகவைத்து, மத்தால் கடைந்துவிட்டு, ஒவ்வொரு கரண்டிக்கும் அடியோடு கிளறி ஊற்றினால் அதே 2 கிலோவில் சாம்பார் சாம்பாராக இருக்கும். நான் ஒரு சமையலருக்கு இதைச் சொல்லிக் கொடுக்க ஒன்றரை வருஷம் ஆச்சு. பிறகு அந்த அம்மா எனக்கே சொல்லிக் கொடுத்தார்கள், அது வேறு கதை.

அப்புறம் தக்காளி. பாலக்கோட்டில் இருந்துகொண்டு உங்களுக்கு நான் தக்காளி விலை சொல்ல வேண்டுமா? ஒரு மாதம் மார்க்கெட்டில் வாங்க ஆளில்லாமல் ரோட்டோரம் கொட்டுவார்கள், 2023 ஜூலையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. பிள்ளைக்கு இத்தனை என்று காய்கறிக்கு வரும் காசு மட்டும் அதே பைசாக் கணக்கில்தான் வரும். விலை ஏறின வாரம் சாம்பாரில் தக்காளி குறைந்து புளி ஏறும். கடன் சொல்லி வாங்கிய அமைப்பாளர்கள் உண்டு, கைக்காசு போட்டவர்களும் உண்டு.

சரி, திருட்டை எப்படிக் கண்டுபிடிப்பது? சாம்பாரைப் பார்த்தால் தெரியாது, தட்டை எண்ணினால் தெரியும். இன்று எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று தினமும் எழுதி வைக்க வேண்டும். 60 தட்டு ஓடுகிற இடத்தில் 85 என்று எழுதியிருந்தால் மீதி 25 பிள்ளையின் அரிசியும் பருப்பும் எங்கே என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஒருநாள் 12 மணிக்குப் போங்கள். சண்டை போடப் போகாதீர்கள், ஒரு தட்டு வாங்கி உட்கார்ந்து சாப்பிடுங்கள். பெற்றவர்கள் வந்து சாப்பிடும் பள்ளியில் ருசி தானாக மாறுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

எங்கள் மகன் படிக்கும் தனியார் பள்ளியில் மதியச் சாப்பாட்டுக்குக் கட்டாயமாகக் கட்டணம் வாங்குகிறார்கள். சாப்பாடு ஆறிப்போய் வருகிறது, அவன் அதைத் தொடாமல் கேன்டீனில் பஃப்ஸ், சிப்ஸ், கூல்டிரிங்க்ஸ் வாங்கித் தின்கிறான். அதையும் பள்ளியே விற்கிறது. கேட்டால் "பசங்க விரும்பறாங்க சார்" என்று பதில்.
- ஒரு அப்பா, ஓசூர்

பசங்க விரும்பறாங்க! பசங்க லீவு கூடத்தான் விரும்புகிறார்கள், விட்டுவிடுவார்களா?

தம்பி, இதற்குச் சட்டமே இருக்கிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம் 2020இல் பள்ளிப் பிள்ளைகளின் உணவுக்கென்றே விதிமுறை கொண்டு வந்தது. கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த தின்பண்டங்களைப் பள்ளி கேன்டீனிலும் விடுதிச் சமையலறையிலும் விற்கக் கூடாது, பள்ளி வாசலில் இருந்து எந்தப் பக்கமும் 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது. அந்த மாதிரிப் பண்டங்களுக்குப் பள்ளிக்குள் விளம்பரமும் கூடாது. பள்ளியே சமைத்துப் போட்டாலும் சரி, கான்ட்ராக்டருக்கு விட்டிருந்தாலும் சரி, உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவோ உரிமமோ வேண்டும். கேன்டீன் சுவரில் அந்தத் தாள் மாட்டியிருக்கிறதா என்று அடுத்த பெற்றோர் கூட்டத்துக்குப் போகும்போது பார்த்துவிட்டு வாருங்கள். இல்லையென்றால் அங்கிருந்து பேச்சைத் தொடங்கலாம்.

பொரித்த எண்ணெயையும் கேளுங்கள். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் சேரும் கெட்ட பொருள்களின் அளவு 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைக் கொட்டிவிட வேண்டும் என்பது விதி. அளப்பதற்குக் கருவி வேண்டும்தான். ஆனால் எண்ணெய் கறுத்து, கெட்டியாகி, நுரை கட்டி, அடுப்பில் வைத்ததுமே புகைகிறது என்றால் நம் மூக்கே போதும்.

ஆறிப்போன சாப்பாட்டுக்கு வருகிறேன். இதுதான் உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்த வரி. எங்கேயோ ஒரு பெரிய சமையல்கூடத்தில் காலை எட்டு மணிக்கு வடித்த சோற்றை வேனில் ஏற்றி மதியம் ஒரு மணிக்குப் போடுகிறார்களா என்று கேளுங்கள். சூடான சோறு 60 டிகிரிக்கு மேலேயே இருக்க வேண்டும். அதற்குக் கீழே வெதுவெதுப்பாகக் கிடந்தால் சோற்றில் ஒரு வகைக் கிருமி வளர்ந்து நஞ்சைக் கக்கி வைக்கும், மறுபடி சூடு பண்ணினாலும் அந்த நஞ்சு சாகாது. ஓசூர் குளிருக்குச் சோறு கெடாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரே நாளில் பத்துப் பதினைந்து பிள்ளைகள் வாந்தி எடுத்தால் பழி வெயிலுக்கோ வீட்டில் தின்ற பண்டத்துக்கோதான் போகும், வேனுக்குப் போகாது.

கட்டாயக் கட்டணம் பற்றித் தனியாகக் கேட்டால் அவர்கள் உங்கள் பையனின் பெயரைக் குறித்துக்கொள்வார்கள். பத்து பெற்றோர் கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுங்கள்.

எங்கள் ஊர்ப் பள்ளியில் போர்த் தண்ணீரில்தான் சமைக்கிறார்கள். பிள்ளைகள் பல்லெல்லாம் காவி படிந்து கிடக்கிறது. "கொதிக்க வெச்சுத்தானே சமைக்கறோம்" என்கிறார்கள்.
- பென்னாகரம் வட்டத்திலிருந்து ஒரு வாசகர்

கொதிக்க வைத்தால் கிருமி சாகும், பல்லைக் காவியாக்கும் ஃபுளோரைடு சாகாது. அது உப்பு மாதிரி. தண்ணீர் ஆவியாகப் போகப் போக மிச்சம் இருக்கும் தண்ணீரில் அதன் அளவு கூடத்தான் செய்யும்.

குடிக்கும் தண்ணீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. நம் இரண்டு மாவட்டத்திலும் அதைத் தாண்டிய போர்கள் ஏராளம், பாறையிலேயே இருக்கிறது, யாரையும் குற்றம் சொல்ல முடியாது. அதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. 2013இல் தொடங்கி வைத்த அந்தத் திட்டத்தின் முழுப் பெயரிலேயே ஃபுளோரோசிஸ், அதாவது ஃபுளோரைடால் வரும் பாதிப்பைக் குறைப்பது என்று சேர்த்திருக்கிறார்கள். பள்ளிக்குள் அந்தக் குழாய் வந்திருக்கும், ஆனால் பிள்ளைகள் குடிக்க மட்டும் அதைப் பிடித்துவிட்டு சமையலுக்கு பக்கத்து போர் மோட்டாரைப் போடுவார்கள், அதுதான் கைக்கு எட்டும் தூரம். 100 கிராம் அரிசி வெந்து சோறாகும்போது குடிக்கிற தண்ணீரில் ஒரு டம்ளர் அளவு அதற்குள் போய்விடுகிறது, சாம்பார் தனி. ஆகவே சமையல் தண்ணீரும் குடிதண்ணீர்தான். எட்டு வயது வரைக்கும் ஈறுக்குள் நிலைப்பல்லின் மேல்பூச்சு உருவாகிக்கொண்டே இருக்கும், அந்த வயதில் போகும் ஃபுளோரைடுதான் பின்னால் காவியாகத் தெரிகிறது. வந்த கறை தேய்த்தால் போகாது.

ஒரு பாட்டிலில் அந்தப் போர்த் தண்ணீரைப் பிடித்து, எந்த இடம் என்று எழுதி ஒட்டி, குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் கொடுங்கள். முடிவுத்தாள் கையில் இருந்தால் கிராம சபையில் உங்கள் பேச்சுக்கு எடை வேறு.

சத்துணவு அரிசியில் பிளாஸ்டிக் அரிசி கலந்திருக்கிறது. ஊறப்போட்டால் மிதக்கிறது, மஞ்சளாகத் தெரிகிறது. எங்கள் தெருவில் எல்லோரும் பொறுக்கிப் போட்டுவிட்டுத்தான் சமைக்கச் சொல்கிறோம்.
- ஊத்தங்கரை வாசகி

ஐயோ, பொறுக்கிப் போடுவது மருந்தை! அது செறிவூட்டிய அரிசி. அரிசியை மாவாக்கி அதில் இரும்புச் சத்து, ஃபோலிக் அமிலம், பி12 கலந்து மறுபடி அரிசி வடிவத்தில் இழுத்து, நூறு அரிசிக்கு ஒன்று என்கிற கணக்கில் சாதா அரிசியோடு கலக்கிறார்கள். மாவில் செய்ததால் எடை குறைவு, சிலது மிதக்கும், நிறமும் கொஞ்சம் மாறும். சந்தேகம் என்றால் நாலு மணியைத் தனியாக எடுத்து வேகவையுங்கள். சோறாகும். பிளாஸ்டிக் எந்த ஊரில் சோறாச்சு?

இந்தத் திட்டத்தில் எனக்கும் ஒரு குறை உண்டு. ஊருக்குள் யாருக்கும் ஒரு வார்த்தை சொல்லாமல் மூட்டையை இறக்கிவிட்டுப் போனார்கள். பயந்த ஜனங்கள் மேல் தப்பில்லை.

டீக்கடையில் பந்தயம். சத்துணவைக் கொண்டு வந்தது காமராஜரா, எம்.ஜி.ஆரா? நூறு ரூபாய் கட்டியிருக்கிறேன்.
- காவேரிப்பட்டணம்

இரண்டு பேரும் தோற்றீர்கள், நூறு ரூபாயை எனக்கு அனுப்புங்கள். 1920இலேயே நீதிக்கட்சியின் பிட்டி தியாகராயர் தலைவராக இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளை ஒன்றுக்கு ஒரு அணாவுக்கு மிகாமல் செலவழித்துச் சாப்பாடு போடத் தீர்மானம் போட்டது. மாநிலம் முழுக்க மதிய உணவு என்று கொண்டு போனது காமராஜர், 1956இல். அதைப் பெரிதாக்கி, பால்வாடிப் பிள்ளைகளையும் சேர்த்து, சத்துணவு என்ற பெயரில் 1982 ஜூலை 1இல் தொடங்கியது எம்.ஜி.ஆர். முட்டை 1989இல் கருணாநிதி காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று வந்து, 2010இல் வாரம் ஐந்தாச்சு. சாம்பார் சோறு ஒன்றையே தின்ற பிள்ளைகளுக்குத் தக்காளி சாதம், கறிவேப்பிலை சாதம் என்று கலவை சாதங்கள் வந்தது 2013இல், ஜெயலலிதா காலத்தில். 2022 செப்டம்பர் 15இல் ஸ்டாலின் காலை உணவைத் தொடங்கினார். பந்தயம் கட்டும் அளவுக்கு இதில் கட்சிச் சண்டைக்கு இடமில்லை, எல்லோரும் ஒரு கரண்டி போட்டிருக்கிறார்கள்.

நாமெல்லாம் களி தின்று வளர்ந்தவர்கள். இங்கே விளையும் கேழ்வரகை விட்டுவிட்டுப் பிள்ளைகளுக்கு வெள்ளைச் சோறும் ரவை உப்புமாவும் எதற்கு?
- தேன்கனிக்கோட்டை வாசகர்

கேட்டீர்களே ஒரு கேள்வி! 100 கிராம் கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து 340 மில்லிகிராமுக்குக் குறையாது. தீட்டிய பச்சரிசியில் 10 மில்லிகிராம் தேறுவதே கஷ்டம். தண்ணீரில் ஃபுளோரைடு இருக்கிற ஊரில் பிள்ளைகளுக்குச் சுண்ணாம்புச் சத்து இன்னும் முக்கியம்.

ஆனால் சமையலறையில் நின்றவள் என்கிற முறையில் சொல்கிறேன், 150 பிள்ளைக்குக் களி கிண்டுவது நடக்காத காரியம். அண்டாவில் மாவைக் கொட்டிக் களிக்கோலால் கிண்ட இரண்டு ஆம்பளை வேண்டும், கட்டி தட்டும், ஆறினால் கல். உருண்டை பிடிக்கும் கை வெந்து போகும். நீங்கள் வீட்டில் நாலு உருண்டை கிண்டும்போதே அம்மா வேர்த்துப்போவார்களே, ஞாபகம் இருக்கிறதா? தளி பக்கத்தில் இதையே முத்தே என்று சொல்லி உப்புச்சாறில் முக்கி விழுங்குகிறார்கள். இன்றைக்கு ஆறு வயதுப் பிள்ளைக்கு அதை மெல்லாமல் விழுங்கத் தெரியாது, தட்டிலேயே மிச்சம் வைக்கும்.

கஞ்சி முடியும். புட்டு முடியும், வெல்லமும் வறுத்த நிலக்கடலைப் பொடியும் போட்டால் தட்டு காலியாகும். கேழ்வரகு சேமியா முடியும். 2023இல் தருமபுரி, நீலகிரி ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்களே, அதே வழியில் பள்ளிக்கும் வாரம் ஒருநாள் வந்தால் போதும். உப்புமாவை நான் குறை சொல்ல மாட்டேன். வெறும் வயிற்றோடு வந்து பிரார்த்தனையில் மயங்கி விழுந்த பிள்ளைகளைத் தூக்கியவள் நான். காய் போட்டு, சாம்பாரோடு, எட்டரை மணிக்குச் சூடாக வந்தால் உப்புமாவும் நல்ல சாப்பாடுதான். கொள்ளையும் மொச்சையையும் மறந்ததுதான் எனக்கு வருத்தம்.

எங்கள் ஊரில் புதிதாக வந்த சமையலர் என்ன ஜாதி என்று பார்த்து சில வீடுகளில் பிள்ளைகளைச் சாப்பிடாமல் திருப்பிக் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். தலைமை ஆசிரியர் அவரை வேறு பள்ளிக்கு மாற்றிவிடலாம் என்கிறார். பெயர் போடாதீர்கள்.

போடவில்லை. மாற்றக் கூடாது. மாற்றினால் அந்த வீடுகள் ஜெயித்ததாக ஆகிவிடும், அடுத்த பள்ளியிலும் அதே நடக்கும். 2018இல் திருப்பூர் மாவட்டத்தில் இதே மாதிரி ஒரு சமையலரை வரவிடாமல் தடுத்தவர்கள் மேல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது, அதைத் தலைமை ஆசிரியரிடம் ஞாபகப்படுத்துங்கள். ஆசிரியர்கள் எல்லோரும் நாளையிலிருந்து பிள்ளைகளுக்கு நடுவே பந்தியில் உட்கார்ந்து அந்தச் சாப்பாட்டையே சாப்பிடட்டும். தலைமை ஆசிரியர் முதல் ஆளாக.

சாப்பாடு கெட்டுப்போயிருந்தால் யாரிடம் சொல்ல வேண்டும்? சொன்னால் நடவடிக்கை எடுப்பார்களா?
- அரூர் வாசகர்

எடுக்க வைக்கலாம், ஆனால் சொல்லும் முறை இருக்கிறது. பரிமாறும் முன்னால் குறைந்தது ஒரு ஆசிரியராவது சாப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று 2015இல் வந்த மதிய உணவு விதிகளில் இருக்கிறது. அன்று யார் சாப்பிட்டுப் பார்த்தார் என்பதுதான் உங்கள் முதல் கேள்வி. இதே விதியில் இன்னொன்றும் உண்டு, நிறைய பேருக்குத் தெரியாது. தொடர்ந்து மூன்று பள்ளி நாளோ மாதத்தில் ஐந்து நாளோ சாப்பாடு போடாவிட்டால் யார் பொறுப்பு என்று அரசு நிர்ணயிக்க வேண்டும், போடாத நாளுக்குப் பிள்ளைக்கு உணவுப் படி தர வேண்டும்.

சாப்பாட்டை போட்டோ எடுங்கள், தேதி எழுதுங்கள், கொஞ்சத்தைக் கொட்டாமல் மூடி எடுத்து வையுங்கள். பள்ளி மேலாண்மைக் குழு, தலைமை ஆசிரியர், வட்டார வளர்ச்சி அலுவலர் என்று வரிசையாகப் போங்கள். நடக்கவில்லையா, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் மனு. பள்ளிக் கல்வித் துறை உதவி எண் 14417. பிள்ளைக்கு வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்துவிட்டால் மனுவெல்லாம் அப்புறம், முதலில் ஆஸ்பத்திரி.

என் மேல் ஒரு புகார் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மழைக்காலம், விறகு நனைந்து எரியவில்லை, மணி பன்னிரண்டரை ஆச்சு, பிள்ளைகள் தட்டைத் தட்ட ஆரம்பித்துவிட்டார்கள். கொண்டைக்கடலை அரைவேக்காட்டில் இருப்பது தெரிந்தும் இறக்கிவிட்டேன். சாயங்காலம் ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு வயிற்றுவலி. மறுநாள் ஒரு தாத்தா வந்து அரை மணி நேரம் திட்டினார், நான் வாயே திறக்கவில்லை. அதற்குப் பிறகு கடலையை முதல் நாள் சாயங்காலமே ஊறப்போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன், தண்ணீர் மாற்ற காலையில் முதல் ஆளாக வருவேன். 2013இல் பீகாரில் சாரண் மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் பூச்சிமருந்து கலந்த எண்ணெயில் சமைத்து 23 பிள்ளைகள் செத்த செய்தியைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் சமையலறையில் இருந்த எண்ணெய் டப்பா, பினாயில், எலிமருந்து எல்லாம் எங்கெங்கே இருக்கிறது என்று மனசுக்குள்ளேயே எண்ணிக்கொண்டு கிடந்தேன். விடிந்ததும் போய் பினாயிலையும் எலிமருந்தையும் வேறு கட்டடத்துக்கு மாற்றினேன்.

பாட்டி, எங்க ஸ்கூல்ல முட்டை உரிச்சா மஞ்சக்கருவைச் சுத்தி பச்சையா இருக்கு. கெட்டுப்போனதா? நான் வெள்ளையை மட்டும் தின்னுட்டு மஞ்சளை வெச்சிடுவேன்.
- ஏழாம் வகுப்பு மாணவன், காரிமங்கலம்

கெட்டுப்போகவில்லை, கண்ணு. ரொம்ப நேரம் கொதித்தால் முட்டையில் இருக்கும் இரும்பும் கந்தகமும் சேர்ந்து அந்தப் பச்சை வளையம் வரும், அவ்வளவுதான். கெட்ட முட்டை உன்னைக் கேட்கவே விடாது, நாத்தம் வராந்தா வரைக்கும் வரும். கொதி வந்து பத்துப் பன்னிரண்டு நிமிஷத்தில் இறக்கிப் பச்சைத் தண்ணீரில் போட்டால் வளையம் வராது என்று சமையல் அக்காவிடம் நான் சொன்னதாகச் சொல். அவர்கள் கோபப்பட்டால் நீயாகச் சொன்னதாகச் சொல்லிக்கொள். மஞ்சளையும் தின்று விடு, முட்டையில் பாதிச் சத்து அதில்தான் இருக்கிறது. நீ வைக்கும் மஞ்சக்கரு எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். எந்தச் சத்துணவு மையத்து நாயாவது இளைத்துப் பார்த்திருக்கிறாயா?